தொகையை விரித்தல்: ‘பரையா’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சிற்றிதழுக்காக, வடகொரியா மீதான பொருளாதாரத் தடைகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். முதல் பத்தியிலேயே ‘பரையா ஸ்டேட்’ என்று வந்தது. ராத்திரி இரண்டு மணி. அதிகம் யோசிக்காமல் ‘தீண்டத்தகாத நாடு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்த தோழர். ஒற்றுப்பிழை திருத்துவதைக் காட்டிலும் ஓரத்தில் கேள்வி எழுதுவதில்தான் அவருக்கு ருசி அதிகம். அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, ‘நாடு எப்ப தோழர் சேரிக்குக் குடிவந்துச்சு?’ என்று எழுதி அனுப்பியிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஊர்ப்பக்கம் பிறந்தவன், அவர் சேரிப்பக்கம் பிறந்தவர் என்பதும் அந்தச் சுருக்கில் சேர்த்தி. ‘மூலத்திலேயே அப்படித்தான் இருக்கு’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மூலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் மூலத்தில் ஏன் அப்படி இருக்கிறது, ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயர் எந்த வழியாகப் போய் பியாங்யாங்குக்கு அடைமொழியாக நின்றது என்கிற கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் நுழைந்தது. அதைத் தொடர்ந்து போனதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். ஆங்கிலச் சொல்லை இடையின ரகரம் போட்டுப் ‘பரையா’ என்றே எழுதப்போகிறேன். வல்லின றகரம் மக்களுடையது, அது அவர்களிடமே இருக்கட்டும்.

இலக்கணத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு வேறு கதி இல்லை, நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஆங்கிலத்தில் ஒரு சொல் பெயரா, அடையா என்பதைப் பல சமயம் சொல்லின் உருவம் காட்டாது. நிற்கிற இடம்தான் காட்டும். ‘ஸ்டோன்’ தனியாக நின்றால் கல். ‘வால்’ என்பதற்கு முன்னால் நின்றால் சுவருக்கு அடை. ‘கோல்டு’, ‘ஸ்கூல்’, ‘நைட்’ என்று அன்றாடச் சொற்கள் எத்தனையோ இப்படி ஒரு விகுதியும் சேராமல் இரண்டு வேலையும் பார்க்கின்றன. எதிர்ப்பக்கமும் கதவு திறந்தே இருக்கிறது. அடையாகப் பிறந்த சொல் சத்தமில்லாமல் பெயராகி உட்கார்ந்துவிடும். ‘நேட்டிவ்’ என்றால் அந்த இடத்துக்கு உரிய என்று பொருள். ‘எ நேட்டிவ்’ என்றதும் அது ஒரு ஆள். அந்த ஆளுக்கு வேறு பெயர் தேவையில்லாமல் போகிறது. ‘கிரிமினல்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு 1871இல் ஒரு சட்டமே போட்டார்கள். செயலுக்கு உரிய அடையைக் கொண்டுபோய் ‘டிரைப்’ என்பதற்கு முன்னால் நிறுத்தினார்கள், பிறக்கப்போகிற குழந்தையும் குற்றவாளி ஆனது. அந்தச் சட்டத்தின் 1911ஆம் வருஷத்து வடிவம் சென்னை மாகாணத்துக்கு வந்து, 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கியாக வெடித்தது தெரிந்த கதை. சென்னையிலேயே கோட்டைக்கு வெளியே இருந்த ஊருக்கு 1906 வரைக்கும் ‘பிளாக் டவுன்’ என்று பெயர். கறுப்பாக இருந்தது ஊர் இல்லை.

தமிழில் நிலைமை வேறு என்று பெருமை அடிக்கவும் முடியாது. நம் பழைய இலக்கணங்களில் பெயரடை என்று ஒரு தனிவகையே கிடையாது. பெயர், வினை, இடை, உரி அவ்வளவுதான். மரப்பெட்டியில் இருக்கிற மரம் பெயர்தான், பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது அடை வேலையைச் செய்கிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைக் கவனித்திருக்கிறார். திராவிட மொழிகளில் அடைகள் என்று நாம் சொல்பவை உண்மையில் பண்பையோ உறவையோ குறிக்கும் பெயர்கள்தான், இன்னொரு பெயருக்கு முன்னால் வைக்கப்படுவதாலேயே அவை அடைகள் ஆகின்றன என்பது அவருடைய வாதத்தின் சாரம். (இதே கால்டுவெல் 1875ஆம் வருஷத்து இரண்டாம் பதிப்பின் பின்னிணைப்பில் பறையர்கள் திராவிடர்களா என்று கேட்டு, ஆம் என்று நிறுவுகிறார். 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதி காணாமல் போனது. 2008இல் கவிதாசரண் அந்த இரண்டாம் பதிப்பைத் தேடி எடுத்து மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. ஒரு இலக்கண நூலிலிருந்து எதை வெட்டலாம் என்று முடிவு செய்பவர்களுக்கும் இலக்கணம் தெரிந்திருக்கத்தான் செய்கிறது.)

ஆனால் நம் மரபில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பெயர்கள் ஒட்டி நின்றால் அதைத் தொகை என்பார்கள். எந்த உருபு அங்கே தொக்கி, அதாவது மறைந்து, நிற்கிறது என்று கேட்பார்கள். வேற்றுமைத்தொகையா, உவமைத்தொகையா, பண்புத்தொகையா? எனக்கு நன்னூல் நடத்திய பேராசிரியர் யாராவது ‘பண்புத்தொகைங்க ஐயா’ என்று சொல்லிவிட்டு உட்காரப் பார்த்தால் விடமாட்டார். ‘விரிச்சுச் சொல்லிட்டு உட்காருய்யா’ என்பார். ‘பொற்குடம்’ என்றால் பொன்னால் செய்த குடம். ‘மலர்க்கை’ என்றால் மலர் போன்ற கை. மறைந்து நிற்பதை வாய்விட்டுச் சொன்னால்தான் மதிப்பெண். அப்போது அது உயிரை எடுக்கிற வேலையாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், பிற்காலத்தில் தெரிதாவைப் படித்துக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட காரியங்களில் ஒன்றை அந்த மனிதர் வெற்றிலை போட்டுக்கொண்டே சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. பரையாவை அவர் முறைப்படி விரித்துப் பார்க்கலாம்.

ஹென்றி யூலும் ஏ.சி. பர்னெலும் சேர்ந்து தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886இல் வந்தது. இந்தியாவிலிருந்து ஆங்கிலம் அள்ளிக்கொண்டுபோன சொற்களின் களஞ்சியம் அது. பர்னெல் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர், தமிழ் தெரிந்தவர். அந்த அகராதியில் இந்தச் சொல்லுக்கு எழுத்துக்கூட்டலிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. இன்று வழங்கும் வடிவத்தோடு, கடைசியில் ரகரம் உள்ள ‘பரியர்’ போன்ற வடிவங்களும் தலைப்பிலேயே வருகின்றன. தமிழில் இது பலர்பால் பெயர். ‘பறையர்’ என்பதில் உள்ள ‘அர்’ உயர்திணை விகுதி, மனிதர்கள் என்பதற்கான அத்தாட்சி. போர்த்துக்கீசியர் வாய்வழியாகவும் ஆங்கிலேயர் வாய்வழியாகவும் போகிற போக்கில் அந்த ‘ர்’ உதிர்ந்துபோனது. ஒலியியல்காரர்கள் இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை, ஆங்கிலத்தில் கடைசி ரகரம் அப்படித்தான் தேயும் என்பார்கள். சரிதான். தேய்ந்தது எது என்று மட்டும் நாம் குறித்துவைத்துக்கொள்வோம்.

1613இல் வெளிவந்த பர்ச்சாஸின் பயணத் தொகுப்பில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அங்கே அது பெயர்ச்சொல். இழிவாகத்தான் பேசப்படுகிறது, ஆனாலும் குறிக்கப்படுவது ஒரு மக்கள் கூட்டம். பிறகு கம்பெனிக் காலத்தில் ‘பரையா அராக்’ என்று ஒன்று வருகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குடித்துவிட்டு நோயில் விழுந்த மலிவான நாட்டுச் சாராயம். விரித்தால் பறையருக்கு உரிய சாராயம், பறையர் குடிக்கும் சாராயம் என்று வேற்றுமைத்தொகையாகத்தான் விரியும். ஏளனம் இருக்கிறது, ஆனால் தொகைக்குள் மனிதர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கையில் குவளை இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘பரையா டாக்’ வந்துவிடுகிறது. இதை விரிக்கப் பாருங்கள். பறையருடைய நாய் என்று ஆறாம் வேற்றுமையில் விரிக்க முடியாது. ஏனென்றால் அந்தச் சொல் குறிப்பது யாருக்கும் சொந்தமில்லாத தெருநாயை. சேரியில் வளர்த்த நாய்க்கு எசமான் உண்டு, பெயர் உண்டு, ராத்திரிக் காவல் வேலையும் உண்டு. அதைக் குறிக்க இந்தச் சொல் வரவில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது உவமைத்தொகை ஒன்றுதான். ‘பறையர் போன்ற நாய்’. இப்படி விரித்து ஒரு துரை தன் உணவு மேசையில் உரக்கச் சொல்லியிருந்தால் பரிமாறுகிறவன் கை ஒரு கணம் நின்றிருக்கும். பரிமாறியவன் பெரும்பாலும் அந்தச் சமூகத்துக்காரன்தான். சென்னைப் பக்கத்து வெள்ளைக்கார வீடுகளில் சமையலும் ஏவலும் அவர்கள் கையில்தான் இருந்தன. விரிக்காமல் தொகையாகச் சொன்னதால் சொல்ல முடிந்தது. சொல்லிச் சொல்லி அது நாயின் வகையாகவே ஆகிவிட்டது. விலங்கியல் புத்தகம் வரைக்கும் போனது.

பறவைப் புத்தகத்துக்கும் போனது. எனக்கு இந்த விஷயத்தில் அதிகம் நேரம் போனது இங்கேதான். நம் ஊர் வானத்தில் சாதாரணமாகப் பார்க்கிற பருந்துகள் இரண்டு. ஒன்று செங்காவி உடம்பும் வெள்ளைத் தலையும் மார்பும் கொண்டது. செம்பருந்து என்போம், பக்திமான்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இன்னொன்று மங்கிய கரும்பழுப்பு, வால் கவையாக இருக்கும், குப்பைமேட்டுக்கு மேலே வட்டமடிக்கும். கரும்பருந்து. தமிழ்ப் பெயர்கள் இரண்டும் நிறத்தை வைத்து வந்தவை. அசல் பண்புத்தொகைகள், எந்தப் பேராசிரியர் கேட்டாலும் கூசாமல் விரிக்கலாம். ஆங்கிலத்தில் முதலாவதற்குப் பெயர் ‘பிராமினி கைட்’. இரண்டாவதற்கு ‘பரையா கைட்’. சாலிம் அலியின் புகழ்பெற்ற பறவை நூல் 1941இல் வந்தது, அதிலும் இப்படித்தான். கடலோர மீன் இறங்குதளத்தில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். செத்த மீனுக்கும் தூக்கி எறிந்த குடலுக்கும் இரண்டு பருந்தும்தான் இறங்கும். ஒன்று பிராமணன், இன்னொன்று பறையன் என்று வெள்ளைக்காரனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அவனாகவே கண்டுபிடித்திருக்கச் சாத்தியமில்லை. கருடனுக்கு இங்கே இருந்த மரியாதையைப் பார்த்து ஒன்றுக்குப் பெயர் வைத்தான். மற்றதற்கு எதிர்ச்சொல் அவனுக்குத் தயாராகக் கிடைத்தது. வருணப் படிநிலை வானத்தில் ஏறியதில் துபாஷிகளுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். இதில் ஒரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. 1832இல் சைக்ஸ் என்ற அதிகாரி இந்தியக் கரும்பருந்துக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது ‘கோவிந்தா’ என்று வைத்துவிட்டார். விஷ்ணுவின் வாகனத்துக்கு லத்தீனில் வெறும் ‘இண்டஸ்’, பரையாப் பருந்துக்கு விஷ்ணுவின் பெயரே! தெரிந்து செய்தாரா என்பது வேறு.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ‘பிராமின்’ அடையாகும்போது ‘பிராமினி’ ஆகிறது, ‘பிராமினிக்கல்’ ஆகிறது. விகுதி ஒன்று சேர்கிறது. அதனால் அந்தப் பெயர்ச்சொல் தனியே பத்திரமாக இருக்கிறது. காளைக்கும் வாத்துக்கும் மைனாவுக்கும்கூடப் ‘பிராமினி’ உண்டு, ஆனால் அவற்றில் எதுவும் பிராமினைத் தொடவில்லை. ‘பரையா’வுக்கு அந்த மறைப்பு கிடையாது. பெயரே நேரடியாக அடை. நாய்க்கு ஒரு சொல், மனிதருக்கு ஒரு சொல் என்று இல்லாமல் ஒரே சொல். இப்படித்தான் பிரிய வேண்டும் என்று எந்த விதியும் ஆங்கிலத்தில் இல்லை. பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ‘பிராமின்’ உருவகமாகக் கடல் தாண்டியபோதும் அதற்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1860இல் பாஸ்டன் நகரத்துப் பழம்பெரும் குடும்பங்களை நியூ இங்கிலாந்தின் பிராமின் சாதி என்று எழுதினார். படித்தவர்கள், பரம்பரைச் செல்வர்கள், நயமானவர்கள் என்று அர்த்தம். அவர்கள் அதை ஆசையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே கப்பலில் ஏறிப்போன இரண்டு சாதிப் பெயர்களில் ஒன்று பாஸ்டனில் மாளிகை கட்டியது, மற்றது தெருநாய்க்குப் பின்னால் நின்றது.

ஐரோப்பாவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பயணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. பெர்னார்தென் தெ சேன் பியேர் 1791இல் எழுதிய ‘இந்தியக் குடிசை’ என்ற பிரெஞ்சுக் கதையில், உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஆங்கில அறிஞனுக்கு அது கிடைப்பது ஒரு பரையாவின் குடிசையில். 1821இல் தெலவீஞின் ‘லெ பரியா’ நாடகம் பாரீசில் மேடையேறியது. கணவனைப் பிரிந்த, சட்டத்தின் கண்ணில் தகப்பன் பெயர் இல்லாத ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் தன் பெரு நாட்டுப் பயண நூலின் தலைப்பில் தன்னையே ‘பரியா’ என்று அழைத்துக்கொண்டார். மாக்ஸ் வேபர் யூதர்களைப் பரையா மக்கள் என்றார். ஹன்னா அரெண்ட் 1944இல் அந்தச் சொல்லை எடுத்து ஒரு மறைந்த மரபையே அதற்குள் கண்டார். அவருக்கு முன்னால் பெர்னார் லசார் சொன்ன பிரக்ஞையுள்ள பரையா அந்த மரபின் நாயகன். இதெல்லாம் கவுரவமான உபயோகங்கள்தான். ஒடுக்கப்பட்டவர் தன் விலக்கத்தையே ஆயுதமாக்கிக்கொள்ளும் நிலை இது. இலக்கணத்தில் உவமையாகுபெயர் என்போம், பெண்ணைப் பாவை என்பது மாதிரி. ஆனால் பாவை என்று சொல்லும்போது பொம்மைக்கு வலிக்காது. இங்கே உவமானமாக நிற்பவர்கள் அப்போதும் செங்கல்பட்டு வயல்களில் பண்ணையாளாக இருந்தார்கள். அரெண்ட் பேசும் பரையாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. உலகத்து ஒடுக்கப்பட்டோர் யாவருக்கும் பெயர் கொடுத்தவர்கள், அந்தப் பெயரால் நடந்த விவாதம் எதிலும் கலந்துகொள்ளவில்லை. யூதப் பரையாவுக்காகக் கண்கலங்குகிற நம் விமர்சகர்களும் (நானும் ஒரு காலத்தில் கலங்கியிருக்கிறேன்) இந்த இடத்தில் நிற்பதில்லை.

அவர்கள் கலந்துகொண்ட விவாதம் வேறு இடத்தில், தமிழில், நடந்துகொண்டிருந்தது. அதில் பிரச்சினை பெயரைப் பற்றியது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கிற மனை சொந்தமில்லை, கடன், மிராசுதாரின் பிடி, தரிசு நிலம் கேட்டாலும் கிடைக்காத நிலைமை என்று அதில் விவரங்கள் இருக்கின்றன. அவர் கையில் அந்தச் சொல் பெயர்ச்சொல். அதனால் அதற்கு வீடு உண்டா, நிலம் உண்டா என்று கேட்க முடிந்தது. 1892இல் நிலம் ஒதுக்குவதற்கான ஆணைகள் வந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த நிலம் பிறகு யார் யார் கைக்குப் போனது, அதை மீட்கப் போய் 1994இல் செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணையில் இருவர் எப்படிச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள் என்பதெல்லாம் இந்த இதழ் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான். பெயர்ச்சொல்லின் பேரில் மனு எழுதலாம். அடைமொழியின் பேரில் யாரும் மனு எழுத முடியாது.

இதை அன்றைக்கே புரிந்துவைத்திருந்தார் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் தன் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். 1900 வரைக்கும் அது வந்தது. இழிவாக வீசப்பட்ட சொல்லை, விகுதியோடு, தலைப்பெழுத்தில் அச்சடித்துக் கடைக்கு அனுப்பினார். அயோத்திதாசர் இதை ஏற்கவில்லை. அவருக்கு அந்தப் பெயர் பௌத்தர்களின் மேல் பகைவர்கள் சுமத்தியது. பூர்வத் தமிழர், சாதிபேதமற்ற திராவிடர் என்பவைதான் அவருக்குச் சரியான பெயர்கள். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகை ‘ஒரு பைசாத் தமிழன்’. பறைதல் என்றால் சொல்லுதல். வேஷக்காரர்களின் உண்மையை வெளியே பறைந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டியது என்றும் அவர் வாதிட்டார். சொற்பிறப்பியல் ரீதியில் அது நிற்குமா நிற்காதா என்று பண்டிதர்கள் தகராறு செய்யலாம். எனக்கு வேறு ஒன்று முக்கியமாகப் படுகிறது. உலகமே அந்தப் பெயரை அடைமொழியாக அடித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்த காலத்தில், ராயப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு சித்த வைத்தியர் அதை வினைச்சொல்லாக மாற்றப் பார்த்தார். அந்தச் சமூகத்தைச் செய்யப்பட்டவர்களாக இல்லாமல் செய்தவர்களாக வைத்துப் பார்த்தார்.

1922இல் சென்னைச் சட்டசபையில் எம்.சி. ராஜா முயற்சியால் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதில் ஆதி திராவிடர் என்பது அரசு ஏடுகளில் வந்தது. ஏட்டில் பெயர்ச்சொல் மாறியது. ஆங்கில அடைமொழியை அந்த ஆணை தொடவில்லை, தொடவும் முடியாது. அதே அரசின் அதிகாரி அதே நாளில் ‘ஆதி திராவிடர்’ என்று கோப்பில் எழுதிவிட்டு, வராந்தாவில் படுத்திருந்த ‘பரையா டாக்’கை விரட்டச் சொல்லியிருப்பார். இன்றைய நிலைமையும் ஏறத்தாழ அதுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவாகப் பேசுவதைத் தனிக் குற்றமாக்கியது. அது பிடிப்பது பெயர்ச்சொல்லை, அதுவும் ஒரு ஆளைப் பார்த்துச் சொன்னால். ஆங்கிலத் தலையங்கத்தில் ஒரு நாட்டுக்கு முன்னால் வரும் அடைமொழியில் புகார்தாரர் யார்?

நாட்டுக்கு முன்னால் அது எப்போது வந்தது? அரசியல் அறிவியலில் இது புழக்கத்துக்கு வந்த காலத்தை ஓரளவு காட்டலாம். ராபர்ட் ஹார்க்கவி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1977இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘பரையா ஸ்டேட்’ இருக்கிறது. நிறவெறித் தென்னாப்பிரிக்கா, இஸ்ரேல், தைவான் போன்ற நாடுகளைப் பற்றி அவர் பேசுகிறார். ஒதுக்கப்பட்ட, துணையில்லாத, அதனாலேயே அணுகுண்டுக்கு ஆசைப்படக்கூடிய நாடுகள். இங்கே தொகை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. ‘போன்ற’ என்பதும் போய்விட்டது. பறையரைப் போன்ற நாடு என்று யாரும் விரிப்பதில்லை, யாரைப் போன்ற என்று யாருக்கும் தெரிவதுமில்லை. பண்புத்தொகை ஆகிவிட்டது, ‘செந்தாமரை’ மாதிரி. கொடுமை என்னவென்றால் பொருளும் தலைகீழாகிவிட்டது. சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். பரையா நாடு என்பது குற்றம் செய்ததால் ஒதுக்கப்பட்ட நாடு. நிறவெறி அரசுக்கு இந்தச் சமூகத்தின் பெயர் சூட்டப்பட்டதைவிடப் பெரிய அபத்தம் இருக்க முடியாது. நிறவெறி அரசின் சட்டப் புத்தகத்துக்கு அருகில் நம் ஊரில் எதை வைக்கலாம் என்றால் மனுவை வைக்கலாம், மனுவால் ஒதுக்கப்பட்டவர்களை அல்ல.

2018இல் பத்திரிகையாளர் கஷோகி கொல்லப்பட்ட பிறகு, 2019 நவம்பரில் நடந்த தேர்தல் விவாதத்தில் ஜோ பைடன் சவுதி அரேபியாவைப் பரையா ஆக்குவேன் என்றார். 2022 ஜூலையில் ஜெட்டாவுக்குப் போய் இளவரசருடன் முஷ்டி முட்டிக்கொண்டார். பெட்ரோல் விலை அப்படி. மூன்றே வருஷத்தில் இந்தப் பெயரிலிருந்து வெளியே வந்த ஒரே பரையா அந்த நாடாகத்தான் இருக்கும்.

இவ்வளவையும் ஆங்கிலத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியுமா? எங்கள் ஊரில் வண்ணத்துப்பூச்சிக்குப் பாப்பாத்தி என்று பெயர். அழகானதற்கு அந்தப் பெயர். அழுக்கு, முரட்டுத்தனம், புத்திக்கேடு என்று எதைத் திட்டவும் என் பாட்டி இன்னொரு சாதிப் பெயரை முன்னால் வைப்பாள். அந்தத் தொகைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை, வாசகர்களில் பாதிப் பேருக்கு அவை கேட்ட சொற்கள்தான், மீதிப் பேர் வாங்கிய சொற்கள். இலக்கணத்தை மட்டும் சொல்கிறேன். பறையன் என்பதில் ‘அன்’ போகும். ஐகாரமும் போகும். மிச்சம் நிற்கிற இரண்டெழுத்துதான் வசவாகும். உயர்திணை விகுதி உதிர்ந்தால்தான் தமிழிலும் அந்தப் பெயர் அடையாகிறது. ‘ர்’ உதிர்ந்து பரையா ஆன கதையை நாம் அதற்கு வெகுகாலம் முன்பே வீட்டுக்குள் நடத்தி முடித்திருக்கிறோம். பாட்டி கெட்டவள் இல்லை, அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் சோறு போடுகிறவள். அடுத்த வீடு என்பது அதே தெருவில் இருந்தது.

இந்த வாதத்தை நண்பர்கள் சிலரிடம் சொன்னபோது, ‘தலித்’ மட்டும் என்ன, அதுவும் அடையாகத்தானே வருகிறது, தலித் இலக்கியம், தலித் அரசியல் என்கிறோமே என்று மடக்கினார்கள். நல்ல கேள்விதான். நொறுக்கப்பட்ட என்று பொருள்படும் எச்சச்சொல் அது, மராத்தியிலிருந்து வந்தது. தமிழில் பெயராகவும் அடையாகவும் எந்த விகுதியும் இல்லாமல் நிற்கிறது. ‘தலித்துகள்’ என்று எழுதும்போது ‘கள்’ விகுதி எனக்கு இன்றும் கொஞ்சம் உறுத்தும், ‘தலித் மக்கள்’ என்று எழுதிவிட்டுப் போவேன். ஆனால் விரித்துப் பாருங்கள். தலித்துகளால் எழுதப்பட்ட இலக்கியம், தலித்துகளுக்கான அரசியல். ஒவ்வொரு தடவை விரிக்கும்போதும் உள்ளே ஆள் இருக்கிறார். யார் எழுதியது, யாருக்கானது என்று சண்டையே போட்டோமே, வருஷக்கணக்கில், இதே மாதிரி இதழ்களில்! அந்தச் சண்டை நடக்க முடிந்ததற்குக் காரணம் தொகைக்குள் இருந்தவர்கள் வெளியே வந்து பேசியதுதான். ‘பரையா ஸ்டேட்’டுக்குள்ளிருந்து யாரும் வந்து பேசவில்லை.

மெய்ப்புத் தாளுக்குத் திரும்புகிறேன். ‘தீண்டத்தகாத நாடு’ என்பதை அடித்துவிட்டு ‘ஒதுக்கிவைத்த நாடு’ என்று எழுதினேன். அடுத்த மெய்ப்பிலும் பென்சில் கோடு வந்தது. ‘யாரு ஒதுக்கிவச்சது?’ தமிழ்ப் பெயரெச்சத்தில் இருக்கிற தொல்லை இதுதான். வினையிலிருந்து வருவதால் எழுவாய் எங்கே என்று கேட்கும். மூலக் கட்டுரையைத் திரும்பப் படித்தேன். எட்டுப் பக்கத்தில் எங்கேயும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் இல்லை. அடைமொழி பதில் சொல்லாமலே காரியத்தை முடித்துக் கொடுத்திருந்தது. ‘அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் ஒதுக்கிவைத்திருக்கும் நாடு’ என்று போட்டோம். இதழ் வந்த பிறகு ஒரு வாசகர், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர், மூலத்தில் இல்லாத அரசியலை மொழிபெயர்ப்பாளர் நுழைத்துவிட்டார் என்று நீளமாகக் கடிதம் எழுதியிருந்தார். அதை அடுத்த இதழில் அப்படியே போட்டோம். அந்தப் பக்கத்தையும் தோழர்தான் மெய்ப்புப் பார்த்தார். அதில் அவர் ஒரு ஒற்றுப்பிழை மட்டும் திருத்தியிருந்தார்.